கண்ணை மூடித் தட்டிய எண்

பேராசிரியர் எவரெட் ஸ்டென்ஸ்ரட் நேர்மையானவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவரிடம் முனைவர் பட்டத்துக்கு வந்து ஒன்பதாவது வருடத்தில் இருந்த ஜோலீன் குபியாக்குக்கும் கிடையாது. கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருந்தால் நான்காவது வருடத்திலேயே ஓடிப்போய்ப் பிழைத்திருப்பாள்.

அந்த நேர்மை எப்படிப்பட்டது என்றால், மாணவர்களின் பெயரை அவர் தெரிந்துகொள்வதில்லை. பெயர் தெரிந்தால் முகம் நினைவில் நிற்கும், முகம் நின்றால் பிரியமோ வெறுப்போ வரும், வந்தால் மதிப்பெண் கோணலாகும். அதனால் முப்பத்தேழு வருடமாகக் கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தினார். தேர்வுத் தாளில் பெயரை மறைத்துத் திருத்துவதுதான் முதலில் வழக்கமாக இருந்தது. கையெழுத்தும் ஒரு முகம்தானே என்று ஒருநாள் தோன்றியதால் விடையையும் மறைத்துவிட்டார். சிபாரிசுக் கடிதம் கேட்டால் யாருக்கு, எந்த வேலைக்கு என்று விசாரிக்காமல் எழுதி, உறையை ஒட்டி, துறை அலுவலகத்து ரோண்டாவிடம் கொடுத்துவிடுவார். அப்படி ஒரு கடிதம் இரண்டு வருடம் முன்பு ஜோலீனுக்காகச் சிகாகோவுக்குப் போனது. ஆள் எடுக்கிறவர் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதை முழுதாகப் படித்துக்காட்டினார். முழுதும் என்பது ஒரே வாக்கியம். 'இந்தக் கடிதத்தில் குறிப்பிடப்படும் நபர், நான் குறிப்பிடக்கூடிய நபர்களில் ஒருவர்.' இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். நல்ல அர்த்தம்தான் என்று ஜோலீன் சொன்னாள். வேலை கிடைக்கவில்லை.

வட மினசோட்டாவில் ஆள் நடமாட்டம் நின்றுபோன இரும்புச் சுரங்கம் ஒன்றின் அடியில், அரை மைல் ஆழத்தில், ஒரு பெரிய தொட்டி எண்ணெய் பதினொரு வருடமாக நியூட்ரினோவுக்காகக் காத்திருந்தது. நியூட்ரினோ எதையும் தொடாமல், எதிரே வருகிறவர் யாரென்று கண்டுகொள்ளாமல், பூமியையே துளைத்துக்கொண்டு போய்விடும் துகள். ஸ்டென்ஸ்ரட்டுக்கு அதன்மேல் தனி மரியாதை. போகிற வழியில் அது ஒரு வகையிலிருந்து இன்னொரு வகையாக மாறும். எவ்வளவு மாறுகிறது என்பது ஒரே ஒரு எண். அந்த ஓர் எண்ணுக்காக ஒன்பது நாடுகளிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு விஞ்ஞானிகள் உழைத்தார்கள். ஜோலீன் அந்தத் தொட்டியின் பம்பைப் பார்த்துக்கொண்டாள். மிச்ச நேரத்தில் கணக்குப் போட்டாள்.

இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. விடை இப்படி வந்தால் நன்றாக இருக்குமே என்று மனதுக்குள் ஆசை இருந்தால் கணக்கும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். அதனால் ஆரம்பத்திலேயே ஒருவர் ஒரு ரகசிய எண்ணைக் கணினிக்குள் போட்டுவிடுவார். அதற்கு மறைவெண் என்று பெயர். திரையில் காட்டும் விடையோடெல்லாம் கணினி அதைச் சேர்த்தே காட்டும். எல்லா வேலையும் முடிந்து, இனி எதையும் மாற்றமாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு, மறைவெண்ணை வெளியே எடுத்துக் கழித்தால் உண்மை வந்து நிற்கும். இதைப் பெட்டி திறப்பு என்பார்கள். பெட்டி என்று ஒன்றும் கிடையாது. கேக் உண்டு.

பதினொரு வருடமாகத் திரையில் நின்ற விடை 0.83. அதை யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காக முந்நூற்றுப் பன்னிரண்டு காப்பிக் கோப்பைகள் செய்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். கோப்பையில் '0.83' என்று பெரிதாகவும், கீழே 'இது விடை அல்ல' என்று சிவப்பிலும் எழுதியிருக்கும்.

ஜோலீனின் ஆய்வேடு இருநூற்றுப் பதினான்கு பக்கம். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி வெறுமையாக இருந்தது. உண்மையான விடை வந்ததும் அதில் எழுதவேண்டும், எழுதினால் பட்டம். ஆல்டர் லேக் என்ற ஊரின் சின்னக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை ஒன்றை அவளுக்காக எடுத்துவைத்திருந்தார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்குள் பட்டச் சான்றிதழைக் காட்டினால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்கு.

அவள் கணவன் டேல் குளிர்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளும் வண்டி ஓட்டுவான், கோடையில் அதே சாலையோரத்தில் புல் வெட்டுவான். "ஒன்பது வருஷமா ஒரு பெட்டியத் தொறக்க முடியலையா உங்களால? வண்டியில கடப்பாரை கெடக்கு, வந்து தொறந்து குடுத்துட்டுப் போறேன்" என்று வாரம் ஒரு தடவை கேட்பான். பெட்டி என்று ஒன்றும் கிடையாது என்று அவளும் வாரம் ஒரு தடவை சொல்வாள்.

ஜூன் ஒன்பதாம் தேதி காலை பத்து மணிக்குப் பெட்டி திறப்பு. அரங்கம் நிறைந்துவிட்டது. வெளிநாட்டார் திரையில் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கேக் வந்தது. உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் நான்கு தட்டு வந்தது. ரோண்டா அலுவலகத்து இரும்புப் பெட்டகத்திலிருந்து மறைவெண்ணுக்கென்று அரக்கு வைத்த வெள்ளை உறையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் முள்கரண்டிகள் போதுமா என்று எண்ணப் போனாள்.

விடையை யாரும் முன்கூட்டிப் பார்த்துவிடாமல் காவல் காக்கும் கண்கட்டுக் குழுவின் தலைவி டாக்டர் ஷார்பனோ, மாண்ட்ரியல்காரர், கேக் வெட்டும் கத்தியால் உறையைக் கிழித்தார். உள்ளே இருந்த தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். அதில் எண் இல்லை. 'நான் பார்க்கவில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். எ. ஸ்டென்ஸ்ரட்' என்று மட்டும் இருந்தது.

பேராசிரியர் எழுந்தார். வழக்கம்போலக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"நண்பர்களே, பதினோரு வருஷத்துக்கு முன்னால மறைவெண்ணைப் போடற பொறுப்பை என்கிட்ட குடுத்தீங்க. எனக்கு ஒரு கேள்வி வந்துச்சு. முந்நூத்திப் பன்னண்டு பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் எண் தெரிஞ்சிருந்தா, அந்த ஒருத்தன் நேர்மையா இருப்பான்னு என்ன நிச்சயம்? அது நானே ஆனாலும் என்ன நிச்சயம்? அதனால கழுத்துல கெடந்த கம்பளித் துண்டால கண்ணைக் கட்டிக்கிட்டு, கை போன இடத்துல தட்டினேன். எத்தனை தடவை தட்டினேன்னுகூட எண்ணல. எண்ணியிருந்தா அதுவும் ஒரு தகவல். கணினியில பதிவான குறிப்பையும் அழிச்சிரச் சொல்லிட்டேன்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. திரையில் கட்டங்களும் கைதட்டின. ஷார்பனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேக்கை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்து, பாதிப் பேர் தின்று முடித்த பிறகுதான் பின்வரிசையிலிருந்து ஜோலீன் கை தூக்கினாள்.

"அப்ப அந்த எண் எங்க இருக்கு, புரொபசர்?"

"எங்கயும் இல்ல" என்றார் ஸ்டென்ஸ்ரட், சுவரைப் பார்த்து. "அதுதான் இதோட அழகு."

எங்கேயும் இல்லை என்பது முழுக்க உண்மையல்ல. கணினியின் வயிற்றுக்குள் இருந்தது. இல்லாவிட்டால் அது எப்படிக் கூட்டிக் காட்டும்? கணினியைத் திறந்து பார்த்துவிடலாமே என்று ஜோலீன் கேட்டாள். முதலில் பார்க்கிறவருக்கு மற்றவர்களைவிட ஒரு நிமிடம் முன்னால் தெரிந்துவிடும், அந்த ஒரு நிமிடத்தில் அவர் என்னவெல்லாம் ஆசைப்படுவாரோ என்று குழு பயந்தது. விடையில் எந்த விருப்பமும் இல்லாத ஓர் ஆளைக் கண்டுபிடித்து அவரைப் பார்க்கச் சொல்லலாம் என்று தீர்மானமானது. அதற்கு ஒரு துணைக்குழு. துணைக்குழுவில் யாரெல்லாம் இருக்கலாம் என்று பார்க்க இன்னொன்று.

ஜூன் முழுவதும் தேடினார்கள். பல்கலைக்கழகத் தலைவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு நியூட்ரினோவில் துளி ஆர்வமும் இல்லை என்பது நிரூபணமானது, ஆனால் செய்தித்தாளில் படம் வருமா என்று கேட்டுவிட்டார். சுரங்கத்து ஊரின் லூத்தரன் பாதிரியாரைக் கூப்பிட்டார்கள். விடை நல்லபடியாக வர ஜெபிக்கிறேன் என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னதும், வெளித் தலையீடு என்று குறித்துக்கொண்டு அனுப்பிவைத்தார்கள்.

கடைசியில் ஸ்டென்ஸ்ரட்டிடம் அந்த வசந்தத்தில் பாடம் கேட்ட நூற்று நாற்பது மாணவர்களையும் சோதித்தார்கள். நியூட்ரினோ என்றால் என்ன என்பது கேள்வி. நூற்று முப்பத்தெட்டுப் பேருக்குத் தெரியவில்லை. மிச்சம் இரண்டு பேர் வேறெங்கோ படித்திருந்தார்கள். துணைக்குழு அசந்துபோனது. முப்பத்தேழு வருட ஆசிரியப் பணியில் ஒரு மாணவர் மனதிலும் எந்தக் கருத்தையும் இவர் திணித்ததில்லை என்று அறிக்கை எழுதி, பல்கலைக்கழகத்தின் சிறந்த வழிகாட்டி பதக்கத்துக்கு அவர் பெயரைப் பரிந்துரை செய்தது. மாணவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பாஸாக வேண்டும் என்று ஒரு விருப்பம் இருந்தது.

ஜூலை நடுவில் ஜோலீன் பேராசிரியரின் அறைக்குப் போனாள். ஒன்பது வருடத்தில் அது நான்காவது தடவை. அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க யாருன்னு சொல்லிராதீங்க" என்றார்.

அவள் சொல்லவில்லை. ஆகஸ்ட் பதினைந்தைச் சொன்னாள், ஆல்டர் லேக்கைச் சொன்னாள், நூற்று எண்பத்தேழாம் பக்கத்தைச் சொன்னாள். அந்த வரியில் 'தெரியவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"தெரியலைன்னு எழுதறதும் ஒரு முடிவுதானே" என்றார் ஸ்டென்ஸ்ரட். பிறகு குரல் கனிந்தது. "என் ஆசிரியர் என்னைப் பதினாலு வருஷம் வெச்சிருந்தார். வெளிய வரும்போது என் தலையில ஒரு கறுப்பு முடி கெடையாது. அதைத்தான் நான் பக்குவம்னு சொல்றேன். உங்களை அவசரப்பட்டு அனுப்பிட்டா உங்களுக்கு என்ன நன்மை? சம்பளமும் லீவும் வரும். அவ்வளவுதானே? இன்னொண்ணு சொல்றேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா கீழ பம்பு ஓடறது தெரியுது. அப்படி ஓட்டற ஆளை விட்டுட்டா நான் யாரைத் தேடுவேன்? வழிகாட்டின்னா அதுதான். ஒருத்தர்கிட்ட என்ன இருக்குன்னு பாத்து, அதை விடாமப் பிடிச்சுக்கறது."

ஜோலீன் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். எதற்கு நன்றி சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஆகஸ்ட் நான்காம் தேதி பத்தாவது வருடத்துக்கான நீட்டிப்புப் படிவம் வாங்க அலுவலகம் போனாள். ரோண்டா அந்தக் கோடையோடு ஓய்வு பெறுகிறாள், முப்பத்தொரு வருடம். இழுப்பறையைக் காலிபண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, பத்தாவதா? அந்தப் பாழாப்போன நம்பருக்காகவா இத்தனை பாடு?"

ஆமாம் என்றாள் ஜோலீன்.

"அது ஜீரோ" என்றாள் ரோண்டா, பழைய பேனாக்களைக் குப்பையில் கொட்டியபடி.

ஜோலீன் எது ஜீரோ என்று கேட்டாள். ரோண்டா கதையைச் சொன்னாள். அன்றைக்குப் பேராசிரியர் கண்ணைக் கட்டிக்கொண்டு இதே மேசையில்தான் உட்கார்ந்து தட்டினார். எண்கள் இருக்கிற பக்கம் கையே போகவில்லை, தட்டியதெல்லாம் எழுத்து. 'எண் அல்ல, பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது' என்று திரையில் வந்தது. எடுத்துக்கிச்சா பாரு ரோண்டா என்று அவர் கேட்டார்.

"எடுத்துக்கிச்சு புரொபசர்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்? எடுத்துக்கிச்சுதானே."

பெட்டகத்தில் எதை வைத்தாலும் என்ன ஏது என்று அட்டையில் குறிக்கவேண்டும் என்பது பல்கலைக்கழகக் காப்பீட்டு விதி. ரோண்டா அந்த அட்டையை எடுத்துக் காட்டினாள். நேர்த்தியான கையெழுத்து. 'வெள்ளை உறை, ஒன்று. அரக்கு முத்திரை. எண்: 0. ரோ.'

"பதினோரு வருஷமா ஏன் யார்கிட்டயும் சொல்லல, ரோண்டா?"

"யாரு கேட்டா? முப்பத்தொரு வருஷத்துல இந்தப் பெரிய மனுஷங்க என்கிட்ட கேட்டது ரெண்டே கேள்வி. காப்பி இருக்கா. பிரிண்டர் ஏன் சிக்குது. நம்பர் என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

ஜோலீன் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மறைவெண் பூஜ்யம். பூஜ்யத்தைக் கூட்டினாலும் கழித்தாலும் ஒன்றுதான். அப்படியானால் எதுவும் மறைந்திருக்கவே இல்லை. பதினொரு வருடமாகத் திரையில் நின்றதுதான் உண்மை. 0.83. மேசையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள், சிவப்பு எழுத்தைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். கைப்பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து, நூற்று எண்பத்தேழாம் பக்கத்து வெறும் வரியில் பேனாவாலேயே எழுதினாள். அன்று மாலை டேல் ஆல்டர் லேக்கில் வாடகைக்கு இரண்டு வீடு பார்த்து வைத்தான். கடப்பாரை வேண்டியிருக்கவில்லை என்பதில் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் குறை.

ஆகஸ்ட் ஆறாம் தேதி கண்கட்டுக் குழு கூடியது. இருபத்தோரு பேர், ஆளுக்கொரு கோப்பை. ஜோலீன் நடந்ததைச் சொன்னாள். முடித்ததும், கைதட்டுவார்கள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள்.

ஷார்பனோ கோப்பையைக் கவனமாகக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்க சொல்றது உண்மைன்னா நாங்க முந்நூத்திப் பன்னண்டு பேரும் பதினோரு வருஷமா விடையைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கோம். விதி ஏழு என்ன சொல்லுது? விடையைப் பாத்தவங்க ஆய்வுல இருந்து வெலகணும். எல்லாரும் வெலகிட்டா ஆய்வு கெடையாது. ஆய்வு இல்லைன்னா அதுக்கு விடையும் கெடையாது. இல்லாத விடையை நாங்க எப்படிப் பாத்திருக்க முடியும்? ஆக, நீங்க சொல்றது உண்மையா இருக்க வாய்ப்பில்ல."

"அட்டையை ஒரு தடவை பாருங்களேன்" என்று ஜோலீன் அதை உயர்த்திப் பிடித்தாள்.

இருபத்தோரு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். வயதானவர் ஒருவர் கூடுதல் பாதுகாப்பாகக் காகிதக் கைக்குட்டையை முகத்தில் விரித்துக்கொண்டார். அறையில் யாரோ தடவித் தடவிக் கோப்பையை எடுத்து ஒரு வாய் காப்பி குடிக்கிற சத்தம் கேட்டது.

"அதை நீங்க படிச்சிட்டீங்களா?" என்று ஸ்டென்ஸ்ரட்டின் குரல் வந்தது.

படித்தேன் என்றாள் அவள்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். அந்தக் குரலில் நிஜமான துக்கம் இருந்தது. ஒன்பது வருடத்தில் அவளுக்காக அவர் பட்ட முதல் துக்கம்.

தீர்மானம் பத்து நிமிடத்தில் நிறைவேறியது. அந்தக் குழுவின் வரலாற்றில் இவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. மறைவெண் தெரிந்த ஒரே நபர் ஜோலீன் குபியாக். ஆகவே அவர் பெயர் ஆய்வாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. விடை தெரிந்தவர் எழுதிய ஆய்வேடு என்பதால் அதை ஏற்பதற்கில்லை. ஒன்பது வருட உழைப்பைக் கருதி, பம்பு நன்றாக ஓடியது என்று ஒரு சான்றிதழ் தரலாம்.

ரோண்டாவுக்கும் தெரியுமே என்று ஜோலீன் கேட்டாள். ரோண்டா விஞ்ஞானி அல்ல, அவருக்குத் தெரிவது தெரிதலில் சேராது என்று ஷார்பனோ விளக்கினார். அட்டையை ஓர் உறையில் போட்டு, கண்ணைத் திறக்காமலேயே அரக்கு வைத்தார்கள். அதில் ஒருவர் விரலைச் சுட்டுக்கொண்டார்.

எதற்கும் இருக்கட்டும் என்று பதினொரு வருடத் தரவையும் தள்ளிவிட்டு, புதிய மறைவெண்ணோடு முதலிலிருந்து தொடங்குவது என்று முடிவானது. வாஷிங்டனிலிருந்து வந்த அதிகாரி மகிழ்ந்துபோய் இன்னொரு பதினொரு வருடத்துக்கு ஒப்புதல் கொடுத்தார். முடிவே வராத ஆய்வில் தப்பான முடிவு வரும் ஆபத்து இல்லை, இப்படிப்பட்ட நம்பகமான ஆய்வை நான் பார்த்ததில்லை என்று பேசினார்.

ஆகஸ்ட் பதினைந்து ஒரு வெள்ளிக்கிழமை. ஆல்டர் லேக் வேலை வரிசையில் அடுத்தவருக்குப் போனது. டேல் வாடகை வீட்டுக்காரர்கள் இருவரையும் கூப்பிட்டு வரவில்லை என்று சொன்னான்.

செப்டம்பரில் ரோண்டாவின் இடத்துக்கு ஆள் கேட்டு விளம்பரம் வந்தது. உயர்நிலைப் பள்ளி முடித்திருந்தால் போதும், ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். ஜோலீன் விண்ணப்பித்தாள். ஸ்டென்ஸ்ரட் வழக்கம்போல யாருக்கு என்று கேட்காமல் எழுதிக் கொடுத்தார். இந்த வேலைக்கு அந்த ஒரு வாக்கியம் தாராளமாகப் போதுமாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் அவருக்குச் சிறந்த வழிகாட்டி பதக்கம் அணிவித்தார்கள். தம் மாணவர்களின் எதிர்காலத்தில் எவ்வளவு அக்கறை கொண்டவர் என்பதற்குச் சான்றாக, அவர்களில் ஒருவருக்கு இதே துறையிலேயே நிரந்தர வேலை கிடைத்திருப்பதைப் பாராட்டுரையில் படித்தார்கள். கேக்கை ஜோலீன்தான் வாங்கி வந்திருந்தாள்.

அக்டோபரில், முதல் பனி விழுந்த அன்று, புதிய மறைவெண் போடப்பட்டது. ஸ்டென்ஸ்ரட் அலுவலகத்து மேசையில் உட்கார்ந்து, கம்பளித் துண்டால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பதக்கம் விசைப்பலகையில் இடிக்காமல் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு, கை போன இடத்தில் தட்டினார்.

"எடுத்துக்கிச்சா பாரு, ரோண்டா."

ஜோலீன் குனிந்து திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எடுத்துக்கிச்சு, புரொபசர்."

அவர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு உறையில் வைத்து அரக்கு ஒட்டினார். காப்பி இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்றாள். அவர் போன பிறகு அட்டையை எடுத்து எழுதினாள். 'வெள்ளை உறை, ஒன்று. அரக்கு முத்திரை. எண்: 0. ஜோ.' பெட்டகத்தைப் பூட்டினாள்.

வாசலில் முதல் வருட மாணவி ஒருத்தி நின்றிருந்தாள். பேராசிரியரிடம் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது, சுரங்கத்தில் பம்பு பார்க்கும் முறைக்குப் படிவம் வேண்டும் என்று வந்திருந்தாள். இதெல்லாம் எவ்வளவு பெரிய காரியம் என்ற நினைப்பு முகத்தில் அப்படியே தெரிந்தது. ஜோலீன் படிவத்தையும் ஒரு கோப்பையையும் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் கிளம்பத் திரும்பியபோது, தன்னை அறியாமல் கூப்பிட்டாள்.

"வேற ஏதாவது என்கிட்ட கேக்கணுமா, கண்ணு? நல்லா யோசிச்சுப் பாரு."

அந்தப் பெண் நின்று, நெற்றியைச் சுருக்கி, நல்லபடியாகவே யோசித்தாள்.

"ஆமா" என்றாள். "அந்த பிரிண்டர் ஏன் சிக்குது?"